கிளட்ச் தட்டை மாற்றும் முன் ஆயிலைப் பாருங்கள்: ஹைட்ராலிக் கிளட்ச் பராமரிப்பு

சாட்ஸ்வொர்த்தில் ஒரு ரோபாட்டில் (டர்பனில் டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர்) நின்றுகொண்டிருந்தேன். லீவரை முழுக்கப் பிடித்திருந்தும் என் சுசுகி வி-ஸ்ட்ராம் 1000 பைக் முன்னால் நகரப் பார்த்தது. நியூட்ரலும் விழவில்லை. "கிளட்ச் தட்டு போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும் தம்பி" என்றார் மெக்கானிக். மனம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஹேண்டில்பாரில் உள்ள ஆயில் கிண்ணத்தைத் திறந்தேன். உள்ளே ஆயில் பழைய டிகாஷன் நிறத்தில் கிடந்தது. ஒரு பாட்டில் டாட் 4 (பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஊற்றும் ஆயில் வகை) வாங்கி மாற்றினேன், கிளட்ச் சரியாகிவிட்டது.

இந்த வகைக் கிளட்சில் கேபிள் கிடையாது. லீவரை இழுத்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது குழாய் வழியே போய் இன்ஜினருகே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை நகர்த்தி, தட்டுகளைப் பிரிக்கும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் சின்னக் குமிழி இருந்தாலும் நம் விரலின் பலம் அதை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

டாட் 4 காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். டர்பன் புழுக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

வாங்கும் முன் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சில கேடிஎம், பிஎம்டபிள்யூ வண்டிகளின் கிளட்சுக்கு மினரல் ஆயில்தான். அதில் டாட் 4 ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். 8 மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர் (பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே பொருந்தும்), ஒளி ஊடுருவும் ட்யூப், ஒரு காலி பாட்டில், ஈரத்துணி போதும். ஹேண்டிலைத் திருப்பி ஆயில் கிண்ணத்தைச் சமமாக நிறுத்துங்கள். டேங்கின் மேல் துணியைப் போடுங்கள், டாட் 4 பட்டால் பெயின்ட் உரியும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மூடியின் ஸ்குரூக்கள் மிருதுவானவை, சரியான அளவு ஸ்குரூடிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள்.

பழைய ஆயிலைக் கிண்ணத்திலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகு) முதலில் ஸ்பேனரை மாட்டி, அப்புறம் ட்யூபைச் செருகுங்கள். ட்யூபின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். லீவரை மெதுவாக நாலைந்து முறை இழுத்து, பிடித்தபடியே நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். ஆயில் வெளியே வரும், லீவர் கைப்பிடியோடு ஒட்டும். நிப்பிளை மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். முந்தி விட்டால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ட்யூபில் தெளிந்த ஆயில் குமிழியில்லாமல் வரும்வரை இதையே செய்யுங்கள். இடையிடையே கிண்ணத்தைப் பாருங்கள், கீழ்க்கோட்டுக்கும் கீழே போகவே கூடாது.

இவ்வளவு செய்தும் லீவர் தொளதொளவென்றிருந்தால், காற்று மாஸ்டர் சிலிண்டரின் உச்சியில் நிற்கலாம். லீவரை இழுத்துக் கைப்பிடியோடு கயிற்றால் கட்டி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அவிழ்த்ததும் கிண்ணத்தில் பொடிப்பொடிக் குமிழிகள் மேலே வருவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பாதீர்கள். பிரேக்குக்கு நேர்மாறாக, தட்டு தேயத் தேய இதில் ஆயில் மட்டம் உயரும். மட்டம் குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது. முன் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) பக்கம் செயின் அழுக்கோடு ஈரம் தெரிந்தால் ஸ்லேவ் சீலை மாற்றுங்கள்.

டர்பன் பக்கமுள்ள பீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் இரைந்து வேகம் ஏறவில்லையென்றால் அது வேறு நோய். நிப்பிளை ஒரு நொடி திறந்து மூடுங்கள். உடனே பிடிப்பு திரும்பினால், மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துளை அடைத்திருக்கிறது, அதைச் சுத்தம் செய்யுங்கள். திரும்பாவிட்டால், அப்போது தட்டைப் பற்றி மெக்கானிக்கிடம் பேசலாம்.