ஸ்டேக்ஹவுஸில் பிறந்தநாளா? இடம் பிடிப்பதற்கு முன்…

மச்சானுக்கு 40வது பிறந்தநாள். மொத்தம் பதினோரு பேர். "ஒரு தடவையாவது உருப்படியா ஒரு ஸ்டேக் சாப்பிடணும்" என்று அவர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததால், இங்கே சிங்கப்பூரில் ஒரு ஸ்டேக்ஹவுஸில், அதாவது வாட்டிய மாட்டிறைச்சித் துண்டுக்கென்றே உள்ள உணவகத்தில், இடம் பிடிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எந்த நாட்டு இறைச்சி, எந்தத் துண்டு என்று இரவெல்லாம் படித்தேன். எல்லாரும் உட்கார்ந்த பிறகு பெரியம்மா மெனுவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில கோழி எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். கோழி இல்லை. மீன் ஒன்று இருந்தது. அதுவும் அன்றைக்குத் தீர்ந்துபோயிருந்தது. அந்த இரவு பெரியம்மா ரொட்டியும் வெண்ணெயும்தான் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்று வேறு சொன்னார்.

பிறந்தநாள்காரருக்குப் பிடித்ததை மட்டும் பார்த்து இடம் தேடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. அவர் எந்த ஸ்டேக்ஹவுஸுக்குப் போனாலும் சந்தோஷமாகத்தான் சாப்பிடுவார். கூட்டத்தில் யாரால் மிகக் குறைந்த வகைகளை மட்டும் சாப்பிட முடியுமோ, அவரை வைத்துத்தான் தேட வேண்டும்.

நம் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும். மாட்டிறைச்சி தொடாதவர் நாலு பேர், ஹலால் மட்டும் சாப்பிடும் நண்பர் ஒருவர், சுத்த சைவம் ஒருவர். வெளியே சாப்பிடுவார், ஆனால் அம்மா எதிரில் சாப்பிட மாட்டார் என்று ஒருவர் நிச்சயம் இருப்பார். அதனால் வாட்ஸ்அப் குழுவில் "யாருக்காவது ஏதாவது பிரச்சினையா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனே இல்லை. எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தனித்தனியாகக் கேளுங்கள். தேதியையும் அப்போதே கேட்டுவிடுங்கள். புரட்டாசியில் அசைவமே தொடாதவர்கள் உண்டு. தீமிதிக்கும் தைப்பூசக் காவடிக்கும் வாரக்கணக்கில் விரதம் இருப்பவர்கள் உண்டு. நோன்பு மாதம் என்றால் முஸ்லிம் நண்பர் ஏழேகால் வாக்கில்தான் வாயில் தண்ணீரே வைப்பார். ஆறு மணிக்கு மேசை பிடித்து அவரை வேடிக்கை பார்க்க வைக்காதீர்கள்.

"மாடு சாப்பிடாதவங்களுக்கு வேற ஐட்டம் இருக்கா?" என்று போனில் கேட்டால், "இருக்கு" என்றுதான் பதில் வரும். அதோடு விட்டுவிடுவது அடுத்த தவறு. ஸ்டேக்ஹவுஸ் சமையலறையில் மாடு ஒளிந்திருக்கும் இடங்கள் நிறைய. உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் இருக்கின்றன. அதைப் பெருமையாக மெனுவிலேயே போட்டிருப்பார்கள். மசித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றும் கிரேவி பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்தது. யார்க்‌ஷயர் புட்டிங் என்ற மாவுப் பண்டம் பெயரில்தான் இனிப்பு, பழைய முறைப்படி அதற்கு ஊற்றுவது மாட்டுக் கொழுப்பு. காளான் சூப்பில் கோழிச் சாறு இருக்கலாம். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் உண்டு. சைவக்காரருக்கு இன்னொரு தொல்லை: அசல் பார்மிசான் சீஸில் பாலைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட். எல்லாரும் இவ்வளவு தூரம் பார்ப்பதில்லை, பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். கோழியையும் மீனையும் வாட்டுவது அதே கிரில்லிலா என்பதைக் கேட்டேயாக வேண்டும். தனிச் சட்டியில் செய்து தர முடியுமா என்று இரண்டு நாள் முன்னதாகக் கேட்டால் பல கடைகள் ஒத்துக்கொள்ளும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கேட்டால் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"நோ போர்க், நோ லார்ட்" (பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லை) என்ற பலகையை ஹலால் என்று நினைத்துவிடாதீர்கள். பன்றி இல்லை என்பதால் மாடும் கோழியும் ஹலால் முறையில் அறுத்தவை ஆகிவிடாது. சமையலில் ஒயினும் இருக்கலாம். ஹலால் சான்றிதழ் தரும் முயிஸின் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) இணையத்தளத்திலேயே கடைக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பெயர்பெற்ற பெரிய ஸ்டேக்ஹவுஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. ஆனால் ஹலால் ஸ்டேக்கே கிடைக்காது என்றும் இல்லை. ஆஸ்டன்ஸ் என்ற ஸ்டேக் கடைக்காரர்களே ஹலாலுக்கென்று ஆண்டீஸ் என்ற பெயரில் தனிக் கடைகள் நடத்துகிறார்கள். விலையும் கையைக் கடிக்காது, கோழியும் மீனும் தாராளம். இடம் பகட்டாக இருக்காது, அவ்வளவுதான். கலவையான கூட்டத்துக்கு நான் முதலில் பார்ப்பது இப்படிப்பட்ட இடங்களைத்தான்.

அப்புறம் காசு. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்து வரும் தொகையின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி என்று அர்த்தம். 100 வெள்ளி சாப்பாடு 119 வெள்ளி 90 காசாகிவிடும். இது எல்லாருக்கும் தெரியும், இருந்தும் தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும்போது எல்லாரும் மறந்துவிடுவோம். பெரிதாகக் கவிழ்ப்பது டொமஹாக். நீள எலும்போடு வரும் அந்தத் துண்டுக்கு மெனுவில் 18 வெள்ளி என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் பொடி எழுத்தில் 100 கிராமுக்கு என்று இருக்கும். வருவது 1.4 கிலோ. 252 வெள்ளி, வரியெல்லாம் சேர்த்து 302. அந்த எடையில் எலும்பும் அடக்கம். ஆர்டர் எடுக்கும்போதே "எவ்வளவு எடையில் இருக்கு?" என்று கேட்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம்.

எங்கள் மேசையில் துண்டை வெட்டியதும் சிவப்பாகச் சாறு வழிய, "ஐயோ ரத்தம்" என்று ஒரு குரல் எழுந்தது. அது ரத்தம் இல்லை. தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த தண்ணீர். இந்த விளக்கத்தைக் கேட்டு மேசையில் யாரும் மனம் மாறவில்லை என்பது வேறு விஷயம். பகிர்ந்து சாப்பிடும் பெரிய துண்டை மீடியமாக, அதாவது நடுத்தர வேக்காட்டில், சொல்லுங்கள். ஓரத்துத் துண்டுகள் நன்றாக வெந்திருக்கும், அவை பயப்படுகிறவர்களுக்கு. நடுத்துண்டு பிறந்தநாள்காரருக்கு. ஜப்பானிய ஏ5 வாக்யூ என்ற உயர்தர மாட்டிறைச்சியை ஆளுக்கொரு தட்டு சொல்வது வீண். கொழுப்பு அவ்வளவு அதிகம். நாலைந்து துண்டுக்கு மேல் திகட்டிவிடும். அதை வெல் டன்னாக (முழு வேக்காட்டில்) கேட்பதற்குப் பதில் அந்தக் காசுக்குப் பெரியம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துத் தரலாம்.

இடம் விஷயத்தில் ஒன்றே ஒன்று: வயதானவர்கள் வந்தால் படிக்கட்டைப் பாருங்கள். கியோங் சாய்க், அமோய் ஸ்திரீட் பக்கத்துப் பழைய கடைவீடுகளில் மேல்மாடிக்குச் செங்குத்தான படிகள்தான், பலவற்றில் லிஃப்ட் கிடையாது. டெம்ப்சி அழகான இடம், முன்னாள் ராணுவ முகாம், மரங்கள், காற்று எல்லாம் சரி. நேப்பியர் எம்ஆர்டி ரயில் நிலையம் 2022இல் திறந்துவிட்டது என்றாலும் அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்குக் கிராப் செயலியில் வாடகைக் கார் போட்டுவிடுங்கள்.

வெளியிலிருந்து கேக் கொண்டுவந்தால் வெட்டித் தரக் கட்டணம் வாங்கும் கடைகள் உண்டு. ஹலால் கடையென்றால் ஹலால் சான்றிதழ் இல்லாத கேக்கை உள்ளேயே விடமாட்டார்கள். முன்பணம் கட்டிய பிறகு இரண்டு பேர் வராமல் போனால் அது யார் தலையில் விழும் என்பதையும் கேட்டுவையுங்கள்.

என் தலையில் விழுந்தது. ரொட்டி மட்டும் சாப்பிட்ட பெரியம்மாதான் வெளியே வந்ததும் முதல் ஆளாகக் கையில் நோட்டைத் திணிக்கப் பார்த்தார். டொமஹாக்கின் எலும்பு வரை கடித்த இரண்டு பேரிடமிருந்து பேநவ்வில் (கைபேசிவழிப் பணமாற்று) பணம் வந்து சேர அடுத்த சம்பள நாள் ஆனது.