சூடான பெட்டி வளிமண்டலம் ஆகிவிடாது

நண்பகலில் மாங்குளம் தாண்டி ஏ9 வீதியைப் பார்த்தால் தாருக்கு மேலே கானல் நெளியும். காற்றின் முறிவுச் சுட்டி 1 பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ மில்லியனில் ஒரு பங்குதான் மாறுகிறது. ஆனால் தகவல் தொடர்புக்காக ஒரு கிலோமீட்டர் ஓடும் லேசர் கற்றையைச் சிமிட்ட வைக்க அதுவே போதும். வெளிக்காற்றின் இந்தக் கொந்தளிப்பை ஆய்வுகூடத்தில் கொண்டுவர நீளப் பெட்டி, ஹீட்டர், மின்விசிறி பூட்டுவார்கள். திரையில் புள்ளி ஆடியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கற்றை அலைவது வேறு, ஒளிச்செறிவு சிமிட்டுவது வேறு.

மெல்லிய கொந்தளிப்பில் சிமிட்டலின் அளவு தூரத்தின் 11/6ஆம் அடுக்கோடு கூடுகிறது. அதனால் 1 கிலோமீட்டரின் சிமிட்டலை 1 மீட்டரில் பெற, கொந்தளிப்பின் பலம் ஏறத்தாழ 3 இலட்சம் மடங்காக வேண்டும். ஹீட்டரை முறுக்கினாலும் இன்னொரு சிக்கல் தீராது. 1550 நனோமீட்டர் ஒளியில் சிமிட்டலை உண்டாக்கும் சுழிகளின் பருமன் 1 கிலோமீட்டருக்கு 39 மில்லிமீட்டர்; 1 மீட்டருக்கு 1.2 மில்லிமீட்டர்தான். பெட்டிக்குள் அவ்வளவு சிறிய சுழிகள் பெரும்பாலும் நிலைப்பதில்லை, பாகுத்தன்மை கரைத்துவிடும். கண்ணாடிகளால் கற்றையை மடக்கித் தூரத்தைக் கூட்டலாம், நல்ல வழிதான். ஆனால் போன காற்றினூடாகவே திரும்பவிட்டால் இரண்டு ஓட்டமும் ஒன்றையொன்று சாராதவை அல்ல.

சூட்டை ஒரு பக்கத்தால் மட்டும் ஊதுவதும் கூடாது. அது அடுக்காக நின்று கற்றையை வளைக்கும், கலங்காது. எதிர்ப்பக்கத்தால் குளிர்ந்த காற்றும் வரட்டும். மின்விசிறியை லேசர் மேசையில் வைத்தால் நீங்கள் அளப்பது மேசையின் அதிர்வை.

பெட்டிக்குப் பதிலாக ஒளி மாற்றித் திரையில் (ஒளியலையின் கட்டத்தைப் புள்ளிக்குப் புள்ளி மாற்றும் கருவி) கணினி வரைந்த கட்டத் திரைகளை, அதாவது கொந்தளிப்பைப் போலச் செய்யும் படங்களை, ஓட்டுபவர்கள் வேறு குழியில் விழுகிறார்கள். அலைகளைக் கூட்டி அந்தப் படங்களை வரையும் சாதாரண ஃபூரியே முறை பெரிய சுழிகளைக் குறைத்தே காட்டும், அதனால் கற்றையின் சாய்வு காணாமல் போகும். அதைச் சரிசெய்ய இன்னும் தாழ்ந்த துணை அதிர்வெண்களைச் சேர்க்க வேண்டும். பல ஒளி மாற்றித் திரைகள் விநாடிக்கு 60 முறைதான் மாறும். காற்றோ நூற்றுக்கணக்கான ஹேர்ட்சில் ஆடும். கால மாற்றம் பற்றிய முடிவை அந்தத் தரவிலிருந்து எடுக்காதீர்கள்.

வன்னி வெக்கையில் கூரை விசிறியை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். பரவாயில்லை, ஹீட்டர் இல்லாமல் ஒருமுறை அளந்து பின்னணியைப் பதிந்துகொள்ளுங்கள். உணரி நிரம்பி உச்சங்கள் வெட்டுப்படுகின்றனவா என்றும் பாருங்கள். பதிவு நீளமாக இருக்கட்டும்: தொடர்பை அறுப்பவை எப்போதாவது வரும் ஆழமான மங்கல்கள், அவை சில விநாடிப் பதிவில் அகப்படுவதில்லை.