நாடி சுத்தி: 64-ஐ விட்டுவிட்டுத் தொடங்குங்கள்

திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமக் கணக்கு இருக்கிறது: பூரகம் (மூச்சை இழுப்பது) 16 மாத்திரை நேரம், கும்பகம் (அடக்குவது) 64, இரேசகம் (விடுவது) 32. படித்த வேகத்தில் மறுநாள் காலையே 64 எண்ண உட்கார்ந்தேன். நாற்பதைத் தாண்டுமுன் நெஞ்சு படபடத்து, அடக்கிய மூச்சு வாய்வழியே பீறிட்டது. ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு யோகம் சொல்லித்தரும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "அடக்குறதை இப்போ தொடாதீங்க. 16-க்கு 32, அதை மட்டும் பிடிச்சுக்குங்க." அதாவது இழுப்பதைப்போல் இரு மடங்கு நேரம் விடுவது. ஒரு நாசியில் இழுத்து மறு நாசியில் விடும் நாடி சுத்திக்கு இங்கே சொல்வது அந்த முறைதான்.

வெறும் வயிற்றில், சம்மணமிட்டு உட்காருங்கள். முட்டி இடுப்பைவிட உயர்ந்து நின்றால் முதுகு கூனிவிடும். அதனால் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் பின்பக்கம் மட்டும் வையுங்கள். ரப்பர் விரிப்பைவிடக் கோரைப்பாயில் இது வழுக்காமல் நிற்கிறது.

வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்குங்கள். கட்டைவிரல் வலது நாசிக்கு, மோதிரவிரல் இடது நாசிக்கு. எலும்பு முடிந்து மெத்தென்று தொடங்கும் இடத்தில் லேசாக வைத்தாலே அடைபடும். அழுத்தினால் மூக்கு கோணி மறுதுளையும் குறுகும்.

வலதை அடைத்து இடகலையில், அதாவது இடது நாசியில் இழுங்கள். இடதை அடைத்துப் பிங்கலையில் விடுங்கள். நான் பல நாள் தவறியது இதற்கு அடுத்த நொடியில். மூச்சு தீர்ந்ததும் விரல் தானாக மாறப் பார்க்கும். விடாதீர்கள். விட்ட நாசியிலேயே திரும்ப இழுக்க வேண்டும். மூச்சு நிறைந்தால்தான் விரல் மாறும், தீர்ந்தால் மாறாது. வலதில் இழுத்து, மாற்றி, இடதில் விட்டால் ஒரு சுற்று. முதல் மாதம் ஐந்து சுற்று போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

எண்ணிக்கைக்குக் கைபேசிச் செயலி வேண்டவே வேண்டாம். அதன் மணியைத் துரத்தி மூச்சு ஓடும். நமசிவாய போதும். பள்ளி இலக்கணப்படி ந, ம, சி, ய குறில், தலா ஒரு மாத்திரை. வா நெடில், இரண்டு. மொத்தம் ஆறு. இழுக்கும்போது மனதுக்குள் ஒருமுறை, விடும்போது இருமுறை, நிதானமாக.

பின்சேர்க்கை: சளிபிடித்து ஒரு நாசி அடைத்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அன்று விரலே வேண்டாம். இரு நாசியிலும் இதே கணக்கில் இழுத்து விடுங்கள்.

இரண்டாவது நமசிவாய முடியுமுன்பே மூச்சு தீர்ந்துவிடுகிறது என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். தொடக்கத்திலேயே மொத்தமாக விட்டுவிடுவதுதான் காரணம். இடது உள்ளங்கையில் சிட்டிகை விபூதி வைத்து, மூக்குக்கு ஒரு சாண் கீழே பிடித்துக்கொண்டு விட்டுப் பாருங்கள். முதல் 'ந'விலேயே பொடி பறந்தால் வேகம் அதிகம். பறக்காத அளவுக்குக் குறைத்த அன்றுதான் எனக்கும் இரண்டாவது 'ய' வரை மூச்சு எட்டியது.