வியட்நாம் சுற்றுலா: திட்டமிடும்போதே நேரும் தவறுகள்

ஹனோய், ஹா லாங், சாபா, டா நாங், ஹோய் ஆன், சைகோன், மீகாங் என்று வியட்நாமின் புகழ்பெற்ற ஊர்களை எல்லாம் ஏழெட்டு நாளுக்குள் அடைத்துத் தரும் பயணத் திட்டங்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. பட்டியல் நீளமாக இருந்தால் கொடுத்த காசுக்கு நிறைய கிடைக்கிறது என்று தோன்றும். பெரும்பாலானவர்களின் பயணம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

வரைபடத்தில் ஒல்லியாகத் தெரியும் அந்த நாடு வடக்கு தெற்காக ஏறக்குறைய 1,650 கிலோமீட்டர் நீளம் கொண்டது. வடக்கே ஹனோயிலிருந்து, சைகோன் என்ற பழைய பெயராலும் அழைக்கப்படும் தெற்கின் ஹோ சி மின் நகரத்துக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். ஏறி உட்கார்ந்தால் இறங்க முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானம் இரண்டு மணி நேரம்தான் என்றாலும், அறையைக் காலி செய்து, விமான நிலையம் போய்க் காத்திருந்து, மறுமுனையில் அடுத்த விடுதியில் பையை வைப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. ஒரு வாரத்தில் மூன்று முறை இப்படி இடம் மாறினால் மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் வடக்கு (ஹனோய், ஹா லாங், சாபா), மத்தி (டா நாங், ஹோய் ஆன்), தெற்கு (சைகோன், மீகாங்) ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கிடைத்தால் இரண்டு பார்க்கலாம். அப்போதும் ஒரு நகரத்தில் இறங்கி வேறொரு நகரத்திலிருந்து திரும்பும்படி டிக்கெட் எடுங்கள். போகவர ஒரே நகரத்துக்கு எடுத்துவிட்டு, கடைசி நாளை அந்த நகரத்துக்குத் திரும்பி ஓடுவதிலேயே தொலைப்பவர்கள் ஏராளம்.

அடுத்தது வானிலை. "வியட்நாம் போக எந்த மாதம் நல்லது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாடு முழுவதற்கும் பொருந்தும் மாதம் என்று ஒன்று இல்லாததால் அதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கே மத்திய வியட்நாமின் கடற்கரையிலும் மோதுகிறது. பின்னால் நிற்கும் சுவோங் சோன் மலைத்தொடர் மேகங்களைத் தடுத்து அங்கேயே கொட்டவைக்கிறது. அக்டோபர், நவம்பரில் தூ போன் ஆறு பெருகி ஹோய் ஆன் பழைய நகரத்துக்குள் புகுவது வழக்கமான செய்தி. அங்குள்ள பழைய வணிகர் வீடுகளில் எந்த ஆண்டு தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். சரக்கை மேலே தூக்கிவிடுவதற்காக மாடித் தளத்தில் திறப்பு வைத்துக் கட்டிய வீட்டையும் பார்க்கலாம். அந்த ஊருக்கு வெள்ளம் அவ்வளவு பழக்கம். தீபாவளி விடுமுறையில் விளக்கு வெளிச்சத்தில் ஹோய் ஆனைப் பார்க்கலாம் என்று போகிறவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள்.

நம் விடுமுறைகளை வைத்தே ஒரு கணக்குச் சொல்லலாம். தீபாவளியையொட்டிப் போனால் வடக்கு: ஹனோயில் வெயில் தணிந்து வானம் தெளிந்திருக்கும். கோடை விடுமுறையில் மத்தி: டா நாங் கடற்கரைக்கு அதுதான் பருவம், வெயிலைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பொங்கல் விடுமுறையில் தெற்கு: சைகோனிலும் மீகாங் கழிமுகத்திலும் மழை இராது. அந்த ஜனவரியில் சாபா போனால் உறைபனியை நெருங்கும் குளிர். மலிவான விடுதிகள் பலவற்றில் அறையைச் சூடாக்கும் வசதியே இருக்காது. படங்களில் பார்த்த பொன்னிற அடுக்கு வயல்களும் அப்போது இல்லை. அவை செப்டம்பர் அறுவடைக் காலத்துக் காட்சி.

தெத் எனப்படும் சந்திரப் புத்தாண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2027இல் அது பிப்ரவரி 6ஆம் தேதி வருகிறது. நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும் நாட்கள் அவை. ரயில் டிக்கெட் வெகு முன்பே தீர்ந்துவிடும், குடும்பமாக நடத்தும் உணவகங்கள் பல நாள் மூடிக்கிடக்கும்.

ஹா லாங் விரிகுடாவை ஹனோயிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்புவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். போகவர ஐந்து மணி நேரம் சாலையில் கழிகிறது, படகில் இருக்கும் கொஞ்ச நேரமும் மற்ற எல்லாப் படகுகளும் கூடும் நண்பகலாக அமைகிறது. ஓர் இரவாவது படகில் தங்குங்கள், அல்லது கூட்டம் குறைந்த லான் ஹா விரிகுடாப் பக்கம் போங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் துறைமுகத்தில் படகுகளை நிறுத்திவிடுவார்கள். 2024 செப்டம்பரில் யாகி புயல் அந்தக் கரையைப் புரட்டிப்போட்டது. அதனால் பயணத்தின் கடைசி நாளில் ஹா லாங்கை வைக்காதீர்கள், பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையையும் படித்துவிட்டே பதிவு செய்யுங்கள். இரவுத் தங்கலுக்கு நேரமில்லை என்றால் ஹனோயிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் நின் பின் ஊருக்குப் போகலாம். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே சிறு படகில் போகும் அனுபவம் அங்கே ஒரே நாளில் நிறைவாகக் கிடைக்கும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஹோய் ஆனுக்கு அருகில் உள்ள மி சோன் கோயில் தொகுதிக்கு நம்மவர்கள் ஒதுக்கும் நேரம். நான்காம் நூற்றாண்டில் மத்திய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டின் அரசன் பத்திரவர்மன் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவனுக்குக் கோயில் எழுப்பிய பள்ளத்தாக்கு அது. பல நூற்றாண்டுகள் அடுத்தடுத்து வந்த அரசர்கள் அங்கே செங்கல் கோயில்களைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் அவற்றில் தலைசிறந்த கோபுரம் இடிந்தது. குண்டு விழுந்த குழிகள் கோயில்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. 2020இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது ஒரே கல்லில் செதுக்கிய சிவலிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. இப்படிப்பட்ட இடத்தைக் கொளுத்தும் நண்பகலில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வருவது என்ன நியாயம்?

முதல் நாள் டா நாங்கில் உள்ள, சம்பா நாட்டுச் சாம் மக்களின் சிற்ப அருங்காட்சியகத்தைப் பாருங்கள். மி சோனில் இருந்த சிற்பங்களில் நல்லவை பல அங்கேதான் இருக்கின்றன. லிங்கத்தைத் தாங்கிய பீடத்தின் பக்கங்களில் குழல் ஊதுவோரும் ஆடுவோரும் துறவிகளும் செதுக்கப்பட்டிருப்பதை நின்று கவனித்துவிட்டு, மறுநாள் அதிகாலையில் மி சோன் போனால் வெறும் சுவர்கள் அப்போது வேறு மாதிரித் தெரியும். சுவரை நெருங்கிப் பாருங்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து கண்ணுக்குத் தெரியாது. கட்டி முடித்த சுவரின் மேலேயே உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

"இதெல்லாம் நம் சோழர்கள் கட்டியது" என்று அங்கே நின்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். கட்டியவர்கள் சாம் மக்கள். சைவமும் சமஸ்கிருதமும் கடல்வழி அவர்களிடம் சென்றன, அவர்களுடைய எழுத்துக்கும் தென்னிந்தியப் பல்லவ எழுத்தே மூலம். அந்த உறவு உண்மையானது, பெருமைக்குரியது. ஆனால் கோயில்கள் அவர்களுடையவை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் ஃபான் ராங் பகுதியில் வாழ்கிறார்கள், போ குலோங் கராய் கோயிலில் ஆண்டுதோறும் காதே திருவிழா எடுக்கிறார்கள். தமிழர் கையால் எழுந்ததைப் பார்க்க வேண்டுமானால் ஹோ சி மின் நகரத்தில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே தொழில் செய்த தமிழர்கள் எழுப்பியது. இன்று அங்கே ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களே.

சைவ உணவுக்காரர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. கீரை வதக்கலில்கூட நூக் மாம் என்ற மீன் சாறு இருக்கும், சமைப்பவர் அதை இறைச்சியாகக் கருதுவதில்லை. "ஆன் சாய்" என்று சொல்லுங்கள், பௌத்தர்கள் விரதத்துக்கு உண்ணும் சைவ உணவு என்று புரிந்துகொள்வார்கள். அதற்கென்றே தனி உணவகங்கள் எல்லா நகரங்களிலும் உண்டு, மத்திய வியட்நாமின் பழைய தலைநகரான ஹுவேயில் மிகச் சிறப்பாகச் செய்வார்கள். அமாவாசை, பௌர்ணமியையொட்டிய விரத நாட்களில் கூட்டம் அலைமோதும். இந்திய உணவகத்தைத் தேடி நகரத்தின் மறுகோடிக்கு அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

வடகோடியில் உள்ள ஹா ஸாங் மலைப்பாதையில் தாமே பைக் ஓட்ட ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியா வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டு சர்வதேச சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படியானது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படியானதை. வாடகைக்கு விடுபவர் எதுவும் கேட்காமல் சாவியைத் தந்துவிடலாம். ஆனால் விபத்து நேர்ந்தால் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். உள்ளூர் ஓட்டுநரை அமர்த்திப் பின்னால் உட்கார்ந்து போங்கள். மலையையும் பார்க்கலாம்.

இந்தியர்களுக்கு மின் விசா 90 நாள் வரை கிடைக்கிறது. அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பறிக்கும் தனியார் தளங்கள் பல இருக்கின்றன, முகவரியைச் சரிபார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். தமிழர்களில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது தந்தை பெயர் முன்பின்னாக இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். பெயரோ பிறந்த தேதியோ மாறியிருந்தால் இங்கேயே விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள்.

2025 ஜூலையில் 63 மாகாணங்களையும் நகரங்களையும் இணைத்து 34 ஆக்கிவிட்டார்கள். ஹோய் ஆன் இப்போது டா நாங் நகர நிர்வாகத்துக்குள் வருகிறது. பழைய கையேட்டில் ஒரு முகவரியும் விடுதி ரசீதில் வேறொன்றும் இருந்தால் குழம்ப வேண்டாம், தெருப் பெயரையும் கதவு எண்ணையும் ஓட்டுநரிடம் காட்டுங்கள். கூலி கொடுக்கும்போது நோட்டைத் திருப்பிப் பாருங்கள். 20,000 டாங்கும் 500,000 டாங்கும் ஏறக்குறைய ஒரே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம்தான். பின்பக்கத்தில் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம் இருந்தால் அது 20,000.