காப்பகத்து நாய் வீட்டுக்கு வரும்போது: அன்பின் அவசரத்தில் நேரும் தவறுகள்

காப்பகத்திலிருந்தோ தெருவிலிருந்தோ ஒரு நாயைத் தத்தெடுத்தவர்கள் முதல் வாரத்தில் சொல்வதும் ஒரு மாதம் கழித்துச் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கும். "குரைப்பதே இல்லை, எவ்வளவு சாது!" என்று வியந்தவர்களே பிறகு, "எங்களுக்குக் கொடுத்த நாய் இது இல்லை, செருப்பைக் கடிக்கிறது, வாசலுக்கு யார் வந்தாலும் பாய்கிறது" என்று முறையிடுவார்கள். உண்மையில் நாய் மாறவில்லை. முதல் வாரத்தில் அவர்கள் சாதுத்தன்மை என்று எண்ணியது, அச்சத்தில் உறைந்துபோன ஓர் உயிரின் அமைதி. அச்சம் விலகியபோது அதன் இயல்பு வெளிப்பட்டிருக்கிறது. தத்துக் கொடுத்த நாய்கள் காப்பகத்துக்கே திரும்பி வருவதற்கு இந்தத் தவறான கணிப்பு ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

நாய் வளர்ப்பவர்களிடையே ஒரு தோராயக் கணக்கு உண்டு: அதிர்ச்சி தணிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது தன் வீடு என்று நம்ப மூன்று மாதம். ஒவ்வொரு நாய்க்கும் இது பொருந்தாது. தெருவில் பல ஆண்டுகள் வாழ்ந்த நாய்க்கு இன்னும் நீளலாம். ஆனாலும் முதல் வாரத்தை வைத்து நாயின் குணத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பதை நினைவூட்ட இந்தக் கணக்கு போதும்.

முதல் நாள் வரவேற்பு

புது நாய் வந்த அன்றே அண்டை வீட்டார், உறவினர், குழந்தைகளின் நண்பர்கள் என்று எல்லாரும் கூடி நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் தலையைத் தடவிப் படம் எடுப்பது மிகப் பரவலான தவறு. குனிந்து மேலிருந்து கையை நீட்டும் அந்நியரை அச்சுறுத்தலாகவே நாய் காண்கிறது. தெருவில் மனிதர் குனிந்தால் கல்லை எடுக்கிறார் என்று பொருள். அந்தப் பாடத்தை நாட்டு நாய்கள் குட்டிப் பருவத்திலேயே கற்றுவிடுகின்றன. செருப்பின் வாரை மாட்டக் குனிந்தபோதும், கூட்டுவதற்குத் துடைப்பத்தை எடுத்தபோதும், நாய் தெறித்து ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டால், அதற்கு அந்தப் பழைய பாடமே காரணம்.

எங்கள் வீட்டுக்கு வந்த நாய் நான்கு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. இரண்டாம் நாள், பழக்கிவிடலாம் என்ற நல்லெண்ணத்தில் நான் அதன் முன்காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். அது கடிக்கவில்லை, உறுமவும் இல்லை. இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்தது. அதன் பிறகு என் கை நீளும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நிறுத்த அதற்கு இரண்டு மாதம் ஆனது. செய்திருக்க வேண்டியது மிக எளிமையானது: தண்ணீரையும் உணவையும் அருகில் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, அதை நேராகப் பார்க்காமல் என் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். தானாக வந்து முகர்ந்து பார்க்கும் நாய், இழுத்து வரப்பட்ட நாயைவிட விரைவாகப் பழகும்.

தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, உணவு எதுவும் இல்லாதபோது மூக்கை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்புவது, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது ஆகியவை எல்லாம் "என்னை விட்டுவிடுங்கள்" என்பதற்கான அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விலகிவிட வேண்டும். உறுமல் இவற்றுக்கெல்லாம் அடுத்த நிலை எச்சரிக்கை. உறுமியதற்காக அடிப்பவர்கள் நாயின் கோபத்தை அடக்குவதில்லை, அதன் எச்சரிக்கையை மட்டுமே அடக்குகிறார்கள். அடுத்த முறை அந்த நாய் உறுமாமல் நேராகக் கடிக்கும்.

நமக்குப் பழகிப்போன வீடு நாய்க்கு எவ்வளவு விசித்திரமானது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். மண்ணிலும் தார்ச்சாலையிலும் நடந்த காலுக்கு டைல்ஸ் தரை வழுக்குகிறது. குக்கர் விசில், மிக்ஸி, தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி, கதவு மூடியதும் அசையும் லிஃப்ட் ஆகிய அனைத்தும் புதியவை. படுக்கும் இடத்தை அடுக்களையிலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் அமைத்து, அங்கிருந்து வாசல் வரை பழைய கோணிச் சாக்குகளையோ மிதியடிகளையோ விரித்துவைத்தால், நடக்க மறுத்த நாய் ஓரிரு நாளில் நடக்கத் தொடங்கிவிடும். முதல் நாளே குளிப்பாட்டுவதும் தேவையற்றது. நாற்றத்தை ஒரு வாரம் நாம் பொறுத்துக்கொள்ளலாம்.

தப்பி ஓடுதல்

மற்ற தவறுகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். நாய் ஓடிவிட்டால் திருத்த வாய்ப்பே கிடைக்காமல் போகலாம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். புதிதாக வந்த நாய்க்கு உங்கள் வீடு இன்னும் வீடு ஆகவில்லை. கதவு திறந்தால் அது வெளியே செல்லும், திரும்பி வரும் வழியும் அதற்குத் தெரியாது. பால் வாங்கக் கேட்டைத் திறந்த நொடியிலும், கூரியர் வந்து கதவைத் தட்டிய நொடியிலும், வண்டியிலிருந்து இறக்கும் நொடியிலும்தான் நாய்கள் தொலைகின்றன.

கழுத்துப்பட்டையை மட்டும் நம்பி வெளியே அழைத்துச் செல்வது இங்கே முதல் தவறு. மிரண்ட நாய் முன்னால் ஓடுவதில்லை, பின்னால் இழுக்கிறது. அப்போது காதுகளைத் தாண்டிப் பட்டை நழுவிவிடுகிறது. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவே இடைவெளி இருக்க வேண்டும். அத்துடன் மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸையும் அணிவித்து, இரண்டிலும் கயிறு கோத்துப் பிடிப்பது முதல் மாதத்துக்கு நல்லது. உங்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லையைக் காப்பகத்திலிருந்து புறப்படும் முன்பே மாட்டிவிட வேண்டும். பலர் அதை அடுத்த வாரம் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள்.

அப்படியும் ஓடிவிட்டால், பெயரைக் கத்திக்கொண்டு கும்பலாகத் துரத்தக் கூடாது. வந்து மூன்று நாளே ஆன நாய்க்கு அந்தப் பெயர் வெறும் ஓசை. துரத்தும் கூட்டமோ பழைய அச்சம். கண்ணில் படும் தூரத்தில் இருந்தால், திரும்பி உட்கார்ந்து உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கும் ஓசையைக் கேட்கச் செய்வது பலன் தரும். கண்ணில் படவில்லையென்றால், தெருவின் சந்தடி அடங்கிய பின்னிரவிலும் விடியற்காலையிலும் நின்ற வண்டிகளுக்கு அடியிலும் கட்டுமான இடங்களிலும் தேட வேண்டும்.

ஓடிவிடும் என்று அஞ்சி நாள் முழுவதும் கேட்டருகே சங்கிலியில் கட்டிவைப்பது இதற்குத் தீர்வாகாது. காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்ற எண்ணத்தில் தத்தெடுப்பவர்கள் இதை இயல்பாகவே செய்கிறார்கள். ஆனால் விலக வழியில்லாமல், போவோர் வருவோர் எல்லாரையும் பார்த்து மிரளும் நாய்க்குக் கடிப்பதைத் தவிர வேறு தற்காப்பு இருக்காது.

கழிவு, உணவு, தனிமை

வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் மூக்கை அதில் தேய்த்து அடிக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. நாய் அதிலிருந்து கற்பது ஒன்றே: உங்கள் கண்ணெதிரே கழிக்கக் கூடாது. பிறகு வெளியே அழைத்துச் சென்றாலும் அடக்கிக்கொண்டு நிற்கும். வீடு திரும்பி, நீங்கள் அந்தப் பக்கம் போனதும் சோபாவுக்குப் பின்னால் கழிக்கும். மண்ணில் கழித்துப் பழகிய நாய்க்கு டைல்ஸும் சிமெண்டும் அதற்கான இடமாகத் தோன்றுவதில்லை என்பதால், அடுக்ககங்களில் சில நாய்கள் ஒரு நாள் முழுவதும் கூட அடக்கிக்கொள்கின்றன. காலையில் எழுந்ததும், உணவுக்குப் பின்னும், தூங்கும் முன்னும் ஒரே மண்தரைக்கு அழைத்துச் சென்று, கழித்த உடனே ஒரு துண்டு உணவு கொடுப்பதே வழி.

உணவைப் பொறுத்தவரை, காப்பகத்தில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு, முதல் சில நாள் அதையே தொடர்ந்து, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். அன்பு மிகுதியால் முதல் நாளே பாலும் பிரியாணியும் கொடுத்து வயிற்றுப்போக்கை வரவழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. சமைத்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

விடுப்பு எடுத்து மூன்று நாள் இடைவிடாமல் கூடவே இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி நேரம் தனியாகப் பூட்டிவிட்டுப் போவது இன்னொரு வகை அவசரம். தாள் வைத்த கதவைக் கீறி நகம் பெயர்ந்த நாய்கள் பெரும்பாலும் இப்படி விடப்பட்டவை. விடுப்பு நாட்களிலேயே ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று வெளியே சென்று வந்து, நாம் திரும்பி வருவோம் என்பதை அதற்குப் பழக்கியிருக்க வேண்டும்.

நோயை அச்சம் என்று எண்ணுவது

இதுவரை சொன்னதற்கு நேர்மாறான ஒரு தவறும் உண்டு. நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்திருந்தால், "புது இடம், சரியாகிவிடும்" என்று நாள்களைக் கடத்திவிடுவார்கள். நம் ஊர் வெப்பத்தில் ஆண்டு முழுவதும் பெருகும் உண்ணிகள் எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகளைப் பரப்புகின்றன. இவற்றால் வரும் உண்ணிக்காய்ச்சலின் தொடக்க அறிகுறிகளும் சோர்வும் பசியின்மையும்தான். அச்சத்தில் இருக்கும் நாய் பெரும்பாலும் யாரும் இல்லாத இரவில் எழுந்து தட்டைக் காலி செய்துவிடும். நோயுற்ற நாய் அப்போதும் தொடாது. ஈறு வெளிறியிருந்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. மூக்கு உலர்ந்திருந்தால் காய்ச்சல் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பமே சுமார் 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருக்கும் என்பதால் தொட்டுப் பார்த்துச் சொல்லவும் முடியாது. இரத்தப் பரிசோதனைதான் உறுதி செய்யும். எர்லிக்கியா என்று தெரிந்தால் வழக்கமாக டாக்சிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் வரை கொடுப்பார்கள், பத்தாம் நாள் நாய் துள்ளுகிறது என்று நாமே நிறுத்திவிடக் கூடாது. மனிதருக்கான பாரசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுப்பதும், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை அளவு தெரியாமல் பூசுவதும் நோயைவிட ஆபத்தானவை.

ஆகவே முதல் வாரத்துக்குள் ஒரு முறை கால்நடை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உண்டு. காப்பகம் தரும் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாயின் காதில் ஒரு சிறு வெட்டு இருந்தால், அது பெரும்பாலும் கருத்தடை செய்ததற்கான அடையாளம். புண் என்று நினைத்து மஞ்சள் பூசியவர்களும் இருக்கிறார்கள். முன்பு வீட்டில் பார்வோ என்ற வைரஸ் நோயால் ஒரு குட்டி இறந்திருந்தால், அந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் நீடிக்கும் என்பதால், தடுப்பூசி வரிசை முடியாத குட்டியை அங்கே கொண்டுவரக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாயே ஆனாலும், பல் பட்டு இரத்தம் வந்தால், ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். "நம் வீட்டு நாய்தானே" என்ற அசட்டை இந்த விஷயத்தில் மட்டும் கூடாது.

வீட்டில் இருப்பவர்கள்

முன்பே ஒரு நாய் இருக்கும் வீட்டில், புதியதை நேரே கூடத்துக்குள் கொண்டுவந்து விடுவது சண்டைக்கு அழைப்பு. இரண்டையும் முதலில் பொதுவான ஒரு தெருவிலோ மைதானத்திலோ தனித்தனி கயிற்றில், இடைவெளி விட்டு ஒரே திசையில் நடக்கச் செய்து, பிறகு ஒன்றாக உள்ளே அழைத்து வருவது நல்லது. உணவுத் தட்டுகள் தனி அறைகளில் இருக்கட்டும். குழந்தைகளுக்கு மூன்று விதிகள் போதும்: உண்ணும் நாயை, உறங்கும் நாயை, ஒளிந்த நாயைத் தொடக் கூடாது. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் சிறு குழந்தையையும் புது நாயையும் ஒரே அறையில் விடவே கூடாது.

இன்னொன்று, தத்தெடுக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது. பிறந்தநாள் பரிசாகவும் பண்டிகைக்காலப் புதுவரவாகவும் நாயைக் கொண்டுவருபவர்கள், அந்த நாட்களில்தான் வீட்டில் கூட்டமும் ஓசையும் மிகுதி என்பதை எண்ணுவதில்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு வந்த நாய், இன்னும் கேட்டின் உயரத்தைக்கூட அறியாத நிலையில் முதல் சரவெடியைக் கேட்கிறது. அந்த மிரட்சியில் அது தாண்டாத சுவர் இல்லை. ஐப்பசியில் தத்தெடுக்க எண்ணுபவர்கள் காப்பகத்தில் நாயைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிவைத்துவிட்டு, வாரம் ஒரு முறை போய் உணவு கொடுத்துப் பழகிவந்து, கார்த்திகை தீபமும் கழிந்த பின் வீட்டுக்கு அழைத்து வரலாம். அதற்குள் உங்கள் வாசனையாவது அதற்குத் தெரிந்ததாகியிருக்கும்.