எம்.எஸ். உள்ளவர்களின் சிந்தனைத் திறனைப் பரிசோதித்தல்: மலைப்பகுதி மருத்துவப் பணியாளர்களுக்கு

மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோயான மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (எம்.எஸ்.) என்றதும் கால் தளர்வும் பார்வை மங்கலுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிந்தனைத் திறனும் குறைகிறது. பெரும்பாலும் முதலில் குறைவது, தகவலைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் வேகம். புதிதாகக் கேட்டதை நினைவில் நிறுத்துவதும் கடினமாகிறது. பேச்சு தெளிவாகவே இருப்பதால், முதியோரின் மறதியைக் கண்டறியக் கேட்கும் கிழமை, தேதிக் கேள்விகளில் இக்குறை பல வேளைகளில் சிக்குவதில்லை.

இதற்கென்றே பரவலாகப் பயன்படுவது, குறியீடுகளை எண்களோடு பொருத்தும் எஸ்.டி.எம்.டி. (Symbol Digit Modalities Test) தேர்வு. தாளின் மேற்பகுதியில் ஒன்பது குறியீடுகளும் அவற்றுக்குரிய எண்களும் இருக்கும். கீழே வரிசையாக உள்ள குறியீடுகளுக்குரிய எண்களை 90 விநாடிகளில் எத்தனை சரியாகச் சொல்கிறார் என்பதே மதிப்பெண். கை நடுக்கமோ பலவீனமோ முடிவைக் கெடுக்காதபடி வாய்மொழியாகவே நடத்துங்கள். கண்ணாடி அணிபவர் அணிந்திருக்கிறாரா, தாளில் உள்ளவை தெளிவாகத் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள், ஏனெனில் பார்வை நரம்பு அழற்சி இந்நோயில் மிகச் சாதாரணம். பள்ளிப்படிப்பின் அளவும் மதிப்பெண்ணைப் பாதிக்கிறது. ஆகவே, அதிகம் படிக்க வாய்ப்பில்லாத ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியை அயல்நாட்டு அளவுகோலோடு ஒப்பிடுவது அநீதி. அவருடைய முந்தைய மதிப்பெண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

எந்த நிலையில் சோதிக்கிறோம் என்பதே மலையில் மிக முக்கியம். கோத்தகிரியிலிருந்தோ குன்னூரிலிருந்தோ விடியற்காலைப் பேருந்தில் மலைப்பாதை இறங்கி, கோவையின் வெயிலில் வரிசையில் நின்று களைத்தவரின் மதிப்பெண் அவருடைய உண்மைத் திறனைக் காட்டாது. உறை சிதைந்த நரம்புகளில் உடல் வெப்பம் கூடும்போது செய்தி கடத்துவது மேலும் மந்தமாகிறது. உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் பழைய நிலை திரும்புகிறது. எனவே இயன்றவரை ஊருக்கு அருகிலேயே, காலையில், ஓய்வெடுத்த பிறகு சோதியுங்கள். கீழே போய்த்தான் ஆக வேண்டுமென்றால், முதல் நாளே சென்று தங்கச் சொல்லுங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போதும், நோய் புதிதாகத் தாக்கி ஸ்டீராய்டு ஊசி போட்டுவரும் நாள்களிலும் சோதனையைத் தள்ளிவையுங்கள்.

மனச்சோர்வு, தூக்கக் குறைவு ஆகியவற்றை அன்றே விசாரியுங்கள். சிறுநீர் அவசரத்துக்குத் தரப்படும் ஆக்சிபியூட்டினின், தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென் போன்றவை சிந்தனையை மந்தமாக்கக்கூடும். ஆனால் மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்தக் கூடாது. வீட்டாரிடம் தனியே பேசுங்கள். சமையலோ கடைக் கணக்கோ முன்னைவிட நேரம் எடுக்கிறதா, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா என்று குறிப்பாகக் கேட்டால்தான் பயனுள்ள பதில் வரும்.

அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கம் ஆதரித்து 2018இல் வெளிவந்த பரிந்துரைகளின்படி, நோய் நிலையாக உள்ளபோது முதல் சோதனையைச் செய்து, அதே தேர்வை ஆண்டுதோறும் மீண்டும் நடத்த வேண்டும். நான்கு மதிப்பெண் குறைந்தாலே காரணத்தைத் தேடத் தொடங்குங்கள். குறைந்த மதிப்பெண்ணை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்ய முடியாது. நரம்பியல் மருத்துவரிடமும், விரிவான சோதனைக்கு நரம்பு உளவியலாளரிடமும் அனுப்புங்கள். அனுப்பும் கடிதத்தில் மதிப்பெண்ணோடு, சோதித்த நேரம், முந்தைய இரவின் தூக்கம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றையும் எழுதிவிடுங்கள்.