மக்தபில் (குர்ஆன் ஓதப் பழகும் சிறுவர் பள்ளியில்) அரபு எழுத்து பழக்குவது எப்படி?

அலிஃப் முதல் யா வரை 28 எழுத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க வைக்காதீர்கள். பிள்ளை பாட்டாகச் சொல்லிவிடும். நடுவில் ஒன்றைத் தொட்டுக் கேட்டால் விழிக்கும். நாளுக்கு மூன்று எழுத்து போதும். மறுநாள் வரிசையைக் கலைத்துக் கேளுங்கள்.

வடிவம் ஒத்தவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். பா, தா, ஸா மூன்றும் ஒரே கிண்ணம்தான். கீழே 1 புள்ளி, மேலே 2, மேலே 3. பலகையில் கிண்ணத்தை மட்டும் எழுதி, புள்ளியைப் பிள்ளையே வைக்கட்டும்.

உச்சரிப்பில்தான் பொறுமை வேண்டும். தமிழில் ஒரே ‘க’ இருப்பதால் காஃபும் (ق) கஃப்பும் (ك) ஒன்றாகிவிடும். நாக்கின் அடிப்பகுதி உள்நாக்குப் பக்கம் தொட்டு வரும் ‘கல்ப்’ இதயம். அதற்குச் சற்று முன்னே தொட்டு வரும் ‘கல்ப்’ நாய். பொருளே மாறுகிறது! இதனால்தான் ஓதும் பாடத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கவே கூடாது. நீங்கள் வாயைத் திறந்து காட்டுங்கள், பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்து எழுத்துக்கு அ, இ, உ ஒலி தரும் ஜபர், ஜேர், பேஷ் குறிகள். (இவற்றையே ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்று பழக்கினால் கடைசிவரை அதையே சொல்லுங்கள்.) எழுத்தின் பெயர் ‘பா’ என்பதால் ஜபர் போட்டாலும் ‘பா’ என்றே நீட்டுவார்கள். குறிலுக்கு ஒரு விரல், நெடிலுக்கு இரண்டு விரல் மடக்கச் சொன்னால் சரியாகும்.

கூட்டெழுத்துக்குப் போகுமுன் அலிஃப், தால், புள்ளி வைத்த தால், ரா, ஸாய், வாவ் ஆகிய ஆறும் அடுத்த எழுத்தோடு சேராது என்பது மனத்தில் பதிந்திருக்க வேண்டும்.